கண்ணாற் கற்போரும் செவியாற் கற்போரும்

மலராசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி எழுதப்போகின்றேன் என்றதும் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை?" என்று சிரித்துக்கொண்டே வினவினார். வேலை உண்டு. ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிச் சென்று, பதிலுக்கு எவரும் வாராத பாடசாலை ஒன்றிலே, ஈராண்டு காலம் ஆறாந் தரத்தினதும் ஏழாந் தரத்தினதும் ஆங்கிலப் பாடவேளைகளை யானே ஏற்க நேர்ந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியன் என்னும் என் தராதரம் தமிழுக்குப் பெற்றதேயன்றி ஆங்கிலத்துக்குப் பெற்றதன்று. ஆயினும், தாய்மொழியைக் கற்பித்துப் பழகியவன் பிறமொழியொன்றைக் கற்பிக்கப் புகும்பொழுது, அத்துறை வல்லுநர் பொருட்படுத்தாத சில செய்திகள் அவன் கண்ணிற் படுதல் கூடும்.

இதனை இம்மலரில் எழுதுதற்கு வேறொரு காரணமும் உளது. யான் கூறிய அப்பாடசாலையில், அதன் பழைய மாணவர் அன்போடு அனுப்பிய பணத்தில் வாங்கிய ‘ஸ்மாட் போட்’ ஒன்று உண்டு. தொட்டால் எழுத்துத் தோன்றும், படம் அசையும், பாட்டுப் பாடும். கையளித்த நாளில் மேளதாளத்தோடு விழா நடந்தது. அதன்பின் அப்பலகை ஓர் அறையில், வெள்ளைத் துணியாற் போர்த்தப்பட்டு, பூட்டிய கதவுக்குப் பின்னே துயில் கொண்டது. பழுதாகிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்கில் நீண்ட மின்வெட்டு மற்றொரு காரணம். இரண்டிலும் பெரிய காரணம், அதனைக்கொண்டு என்ன செய்வது என்று எவருக்கும் தெரியாமையே. ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பலகை வந்து சேர்ந்தது. கொடுத்தவர்களை யான் குறை கூறவில்லை. எதனைக் கொடுத்தல் வேண்டும் என்று அவர்களுக்கு எடுத்துரையாத எம்போன்றோர் மீதே குறை.

கருவியின் அருமையை அறியாதவன் அல்லேன். 1990 ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலே வளர்ந்த தலைமுறை எம்முடையது. மின்கலமும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தால் வானொலி கேட்டோம். பெரியோர் தமிழ்ச் செய்தி கேட்டு முடித்த பிறகு, எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் இட்ட கட்டளைப்படி, பிபிசி ஆங்கிலச் செய்தியில் ஐந்து சொற்களையேனும் பிடித்து எழுதுவோம். ஒருவன் சுழற்றுவான், மற்றவன் எழுதுவான். சுழற்றுபவன் கை சோர்ந்தால் இலண்டனில் இருப்பவர் குரலும் சோரும். நழுவிய சொல் நழுவியதே. அதனை மறுபடி கேட்க வழி கிடையாது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிரியர்களுக்கான கருத்தரங்கொன்றிற்குச் சென்றிருந்தேன். மாணவர் மூவகையினர் என்று அங்கே கூறினர். கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், கைகாலை அசைத்துக் கற்போர். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வகையினன் என்று வினாக்கொத்து ஒன்றினால் அறிந்து, முதல் வகையினனுக்குப் படமும், இரண்டாம் வகையினனுக்கு ஒலிப்பதிவும், மூன்றாம் வகையினனுக்கு விளையாட்டும் கொடுத்தல் வேண்டும் என்பது கொள்கை. இவற்றையெல்லாம் ஒருங்கே வழங்கவல்லது புதிய கருவி. ஆதலின் அதனை வாங்குக என்பது முடிபு. கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. பிள்ளைகளெல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர் என்பதை எந்த ஆசிரியன்தான் மறுப்பான்?

அவ்வினாக்கொத்தை என் ஏழாந் தர மாணவருக்குக் கொடுத்தும் பார்த்தேன். அடுத்த கிழமை சொல்வதெழுதுதல் நடந்தபொழுது ஒரு பையன் பேனையை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தான். ஏன் எழுதவில்லை என்றேன். "சேர், நான் பாத்துப் படிக்கிற ஆள். எனக்குக் கேட்டு எழுத வராது" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் செவியை மூடிக்கொள்ள யானே அத்தாட்சிப் பத்திரம் வழங்கியிருக்கின்றேன்! அன்று தொடங்கியது என் ஐயம்.

இக்கொள்கையின் வேரைத் தேடிப் படித்தேன். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பார் 1992 இல், காணல், கேட்டல், வாசித்து எழுதல், செய்து பார்த்தல் என நால்வகை வகுத்தார். அமெரிக்கரான ஹவார்ட் கார்ட்னர் 1983 இல் எழுதிய பல்வகை நுண்மதிக் கொள்கையையும் பலர் இதனோடு சேர்த்துக் குழப்புவர். தம் கொள்கை வேறு, இது வேறு என்று கார்ட்னரே பிற்காலத்தில் மறுத்திருக்கின்றார். 2004 இல் இங்கிலாந்தில் இத்தகைய பாகுபாடுகளை எண்ணிப் பார்த்தோர் எழுபத்தொன்றைக் கண்டனர். எழுபத்தொரு வகையாகப் பிரிக்கக்கூடிய ஒன்று உண்மையில் பிரிவுடையதுதானா என்று கேட்கத் தோன்றுகின்றதன்றோ? 2008 இல் அமெரிக்க உளவியலறிஞர் நால்வர் நேரான வினாவொன்றை எழுப்பினர். கண்ணாற் கற்பவன் எனப்பட்டவனுக்குக் கண்வழிக் கற்பித்தால் அதிகமும், செவிவழிக் கற்பித்தால் குறைவும், செவியாற் கற்பவன் எனப்பட்டவனுக்கு அதன் மறுதலையும் விளைதல் வேண்டும். அவ்வாறு விளைந்ததென ஒழுங்கான பரிசோதனை காட்டியதுண்டா? தேடிப் பார்த்த அவர்கள், தக்க சான்று இல்லையென்றே முடிபு கூறினர். ஒரு பிள்ளை படத்தை விரும்புகின்றான் என்பது உண்மையாகலாம். விரும்புதல் வேறு, அதனால் அதிகம் கற்றல் வேறு. என் மகன் இனிப்பை விரும்புகின்றான்.

மாணாக்கரை வகைப்படுத்தல் நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பாயிரத்திலேயே அதனைச் செய்தார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைமாணாக்கருக்கு. அப்பாகுபாட்டில் கண்ணும் செவியும் எங்கே? இல்லை. கேட்டதனைக் கொண்டு மாணாக்கன் என்ன செய்கின்றான் என்பதே அவர் நோக்கிய பொருள். பசு கிடைத்த புல்லை நிறையத் தின்று, பின் ஓரிடத்திருந்து அசைபோடுகின்றது. ஆடு செடிக்குச் செடி தாவி, ஒவ்வொன்றிலும் ஒரு தழையைக் கடிக்கின்றது. கைத்தொலைபேசியில் விரலாற் தள்ளித் தள்ளி ஒளிப்படத் துணுக்குகள் பார்க்கும் பிள்ளையைக் கண்டபோதெல்லாம் எனக்கு அந்த ஆடு நினைவுக்கு வரும். ஆனால் அதே கருவி பசுவுக்கும் உதவும். எவ்வாறெனில், அதே நன்னூல் பிறிதோர் இடத்தில் கூறும்: ஒரு நூலை இரண்டாம் முறை கேட்டால் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வரும். எங்கள் டைனமோ வானொலி எமக்குத் தர மாட்டாதிருந்தது இந்த இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியுமே.

இனி என் கருத்தை வெளிப்படையாகக் கூறுகின்றேன். எந்தப் புலனால் கற்றல் வேண்டும் என்பது மாணாக்கனைப் பொறுத்ததன்று. கற்கும் பொருளைப் பொறுத்தது.

ஆங்கிலத்தில் குண்டூசிக்கு ஒரு சொல் உண்டு. குப்பை போடும் தொட்டிக்கு ஒரு சொல் உண்டு. தமிழெழுத்தில் இரண்டையும் எழுதுங்கள். இரண்டும் ‘பின்’. பனிக்கட்டியும் ‘ஐஸ்’, கண்களும் ‘ஐஸ்’. எம்முடைய பகரம் சொல்லின் முதலில் வல்லோசையாகவும், மெல்லினத்தின் பின் சற்றே மெலிந்தும் தானாகவே ஒலிக்கும். ‘பம்பரம்’ என்ற சொல்லில் இரண்டு பகரமும் ஒரே ஒலியா என்று வகுப்பிற் கேட்டால், ஒரே ஒலியென்றே பிள்ளைகள் அடித்துச் சொல்வர். ஒலிவேறுபாடு நாவில் இருக்கின்றது. செவி அதனைப் பொருட்படுத்தாது பழகிவிட்டது. ஏனெனில் தமிழில் அவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை, ஆங்கிலத்தில் மாற்றும். ஆங்கிலத்தில் கீழுதடும் மேற்பல்லும் சேரப் பிறக்கும் வகரம் ஒன்று, இரண்டு உதடும் குவியப் பிறப்பது ஒன்று. எமக்கு வகரம் ஒன்றே. இதற்கு மாறாகக் கப்பலையும் செம்மறியையும் குறிக்கும் சொற்களை வேறுபடுத்துவதில் தமிழ்ப் பிள்ளை இடர்ப்படுவது குறைவு. குறிலும் நெடிலும் எமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. நம் ஊரார் ‘டீச்சர்’ என எழுதாது ‘ரீச்சர்’ என எழுதுவதும் செவியின் தீர்ப்பே. ஆங்கிலத்தாரின் அவ்வொலி எம்முடைய ‘ற்ற’ பிறக்கும் இடத்துக்கே அண்மையது என்பதை எம் முன்னோர் கேட்டறிந்தனர்.

இவ்வேறுபாடுகளைப் படம் காட்டிக் கற்பிக்க இயலுமா? குண்டூசியின் படமும் தொட்டியின் படமும் எத்தனை அழகாய் அசைந்தாலும் பகரம் பிறவாது. கண்ணாற் கற்பவன் என்று பெயர் சூட்டப்பட்ட என் மாணவனுக்கும் செவி ஒன்றே வழி. அவ்வாறே ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் கண்ணும் கையுமே வழி. அம்மொழியில் எழுதாத ஒலியும் ஒலியாத எழுத்தும் மலிந்திருத்தலின், செவியாற் கற்பவன் என்று புகழப்பெற்றவனும் பத்துமுறை எழுதித்தான் ஆதல் வேண்டும். சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதும் செவிக்குரியதே. நிழற்படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் முதலசையை அழுத்துவர். அதனோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அக்கலையின் பெயராக்கினால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவும். தமிழில் இத்தகைய தாவல் இல்லை. புத்தகத்தை எத்தனை நாள் உற்று நோக்கினும் இது விளங்காது. மும்முறை கேட்டு நான்காம் முறை தானே சொன்னால் விளங்கும்.

அங்ஙனமாயின் மாணவரிடையே வேறுபாடே இல்லையோ எனின், உண்டு, மிக உண்டு. வீட்டிலே ஆங்கிலப் பத்திரிகை கிடக்கும் பிள்ளையும், தகப்பன் விடியுமுன் கடலுக்குப் போக, தாய் தோட்டக் கூலிக்குப் போகும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். முன்னவன் அறிந்த சொற்கள் பின்னவனுக்குத் தெரியா. கண்பார்வை குன்றியதைச் சொல்லத் தெரியாமல் பின்வாங்கில் இருந்து ஈராண்டு கழித்த ஒரு பெண்பிள்ளையை அறிவேன். மூக்குக்கண்ணாடி வந்த தவணையில் அவளது ஆங்கிலமும் வந்தது. எந்த வினாக்கொத்தும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு, கூச்சம். பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்று வாய் திறவாத பிள்ளை ஆண்டு முழுதும் ஒரு வாக்கியமும் உச்சரியாமல் அடுத்த தரத்துக்கு ஏறிவிடுகின்றான். இணைப்பு மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்துக்குப் பெயரிட்டது. இப்பிள்ளைக்கு அது இணைக்கவில்லை, மதிலாய் நிற்கின்றது.

அம்மதிலில் ஒரு வாயில் திறந்ததை யான் கண்ணாரக் கண்டேன். 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்பொழுது என்னோடு கற்பித்த ஆங்கில ஆசிரியை ஒருவர், வீட்டிலிருந்தவாறே பாடநூலின் உரையாடல்களைத் தம் குரலில் வாசித்து, வட்ஸ்அப் வழியே மாணவருக்கு அனுப்பினார். சூம் வகுப்பு நடத்த இணையத் தொடர்பும் போதாது, டேற்றாவுக்குப் பணமும் போதாது. ஒரு நிமிடக் குரற்பதிவு எங்கும் போய்ச் சேர்ந்தது. மாணவர் அதனைக் கேட்டு, தாமும் சொல்லிப் பதிந்து, திருப்பி அனுப்புதல் வேண்டும். வகுப்பில் ஒருநாளும் வாய் திறவாத மாணவன் ஒருவனின் பதிவு இரவு ஒன்பது மணிக்கு வந்தது. பின்னணியில் ஆடு கத்துகின்றது, தங்கை சிரிக்கின்றாள். அவன் குரல் மட்டும் தெளிவாக ஒலிக்கின்றது. எத்தனை முறை பதிந்தாய் என்று ஆசிரியை கேட்டதற்குப் பதினொரு முறை என்றான். முதற் பத்தையும் அவனே கேட்டு, பிடிக்காமல் அழித்திருக்கின்றான். வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குப் பதினொரு வாய்ப்பை எந்த ஆசிரியனால் கொடுக்க முடியும்? நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம்.

அந்த அழித்தலிலேதான் கல்வி நடந்தது. தன் குரலைத் தானே கேட்டல், ஆசிரியையின் குரலோடு ஒப்பிடல், குறை கண்டு மீளச் சொல்லல். இவற்றுக்கு வேண்டிய கருவி மிகச் சிறியது. இன்றைய கைத்தொலைபேசி சொன்னதை எழுதிக் காட்டவும் வல்லது. தொட்டியைச் சொல்லக் கருதியவனுக்கு அது குண்டூசி என எழுதிக் காட்டினால், சிரிப்பார் எவருமின்றி அவன் திருத்திக்கொள்வான். நம்மவர் உச்சரிப்பை அக்கருவி சிலவேளை தவறாகக் கேட்பதும் உண்டு. ஆதலின் அதன் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு என்று விடலாகாது. பார்வையற்ற மாணவருக்கும் எழுத்து மயங்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தை உரக்க வாசித்துக் கொடுக்கும் ஏற்பாடுகளும் இன்று விலையின்றியே கிடைக்கின்றன. இங்கே புலனுக்கேற்ற கருவி என்னும் பேச்சுக்கு உண்மையான பொருள் உண்டு. அப்பிள்ளைகளின் தேவை மெய்த்தேவை; வினாக்கொத்து கற்பித்த தேவையன்று.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி, அதுவும் தகப்பன் தொழிலால் மீண்ட பின்னரே கைக்குவரும் என்ற வீடுகள் பல. அந்த ஆசிரியையின் வகுப்பிலே பதிவு அனுப்பாதோர் பாதிக்கு மேல். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மேலும், ஆசானிடம் கேட்டுக்கொள்வது காற்கூறு, உடன் பயில்வாரோடு பழகிக் கொள்வது காற்கூறு, பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவதே எஞ்சிய அரைக்கூறு என்று நன்னூலார் கணக்கிட்டிருக்கின்றார். கருவி முதற் காற்கூறைச் செம்மை செய்யும். மற்றையவற்றுக்கு மனிதர் வேண்டும்.

நாவலர் பெருமான் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அக்காலத்தில் அதுவே நவீன கருவி. ஆனால் அதனை வாங்குமுன்னரே, வண்ணார்பண்ணையில் 1848 இல் வித்தியாசாலை தொடங்கியாயிற்று. பிள்ளைகளுக்கு எந்நூல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பாலபாடங்கள் பின்னே வந்தன. தேவை முன், இயந்திரம் பின். அவர் 1872 இல் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை நெடுங்காலம் நிலையாமற் போனதற்குப் பொருள் முட்டுப்பாடே காரணம். இன்று பொருளுக்கு முட்டுப்பாடு அத்துணை இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நம் கல்லூரிச் சகோதரர் தாராளமாய்க் கொடுக்கின்றனர்.

அவர்களிடம் யான் கேட்பது பலகையன்று. ஒரு பலகையின் விலையில், வகுப்பிற்கொன்றாக, மின்னேற்றி வைத்துக்கொள்ளத்தக்க சிறு ஸ்பீக்கர்களும், பாடசாலையிலேயே இருந்து பிள்ளைகள் முறைவைத்துப் பாவிக்கப் பழைய கைத்தொலைபேசிகள் பத்தும், அவை பழுதானால் திருத்தச் சிறு நிதியும் அமையும். அறையைப் பூட்டாத அதிபரும் அமைதல் வேண்டும். அதனைக் கடையில் வாங்க இயலாது.

பணத்திலும் மேலாக, உங்கள் குரல் வேண்டும். நீங்கள் நாள்தோறும் ஆங்கிலத்தில் வாழ்கின்றீர்கள். அலுவலகத்தில், புகையிரதத்தில், வைத்தியசாலையில் அம்மொழியைப் பேசுகின்றீர்கள். உங்கள் உச்சரிப்பு இங்கிலாந்து அரசியின் உச்சரிப்புப் போன்றதன்றே என்று நாண வேண்டாம். இப்பிள்ளைகளைப் போலவே பகரத்தில் தடுக்கி, பின் நிமிர்ந்த நாவு உங்களுடையது. எவ்விடத்திலே தடுக்கும் என்பதை அறிந்தவர் நீங்களே. ஆறாந் தரம் முதல் பதினொராந் தரம் வரையுள்ள ஆங்கிலப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொருவரும் ஓர் அலகை எடுத்துக்கொள்ளுங்கள். உரையாடலாயின் மனைவியையோ நண்பரையோ சேர்த்துக்கொண்டு, இரு குரலில், முதலில் இயல்பான வேகத்திலும் பின்னர் மெதுவாகவும் வாசித்துப் பதியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் பிள்ளை திருப்பிச் சொல்ல இடைவெளி விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேற்பட வேண்டாம். நீண்ட பதிவு இங்கே வந்து சேர நேரமும் பணமும் செல்லும். இயலுமானால், கிழமைக்கு ஒரு நாள், கால்மணி நேரம், ஒரே மாணவனோடு தொலைபேசியில் ஆங்கிலத்திற் பேசுங்கள். ஆசிரியர் அருகில் இருப்பார். முதல் இரண்டு கிழமையும் அவன் ஒன்றும் பேச மாட்டான். தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.